நல்ல மனசு இருந்தால் போதாதா, பட்டமும் வேண்டுமா?

கேள்வி

36 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வணிகவியல் படித்தவர். 12 ஆண்டுகளாக ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. கணவர், இரண்டு பிள்ளைகள். குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வரும் பெண்கள் தங்கும் இல்லம் ஒன்றுக்கு நான்கு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் தன்னார்வலராகப் போய்வருகிறார். அங்கே வந்த ஒரு பெண்ணிடம் ரொம்பவே ஒட்டிக்கொண்டார். தன் சொந்தக் கைபேசி எண்ணைக் கொடுத்தார். அந்தப் பெண் தனியாகத் தங்க ஓர் அறை பிடித்து, முன்பணத்தையும் தன் கையிலிருந்தே கட்டினார். மூன்றே வாரத்தில் அந்தப் பெண் தன் கணவரிடமே திரும்பிப் போய்விட்டார். போன மாதம் அந்தப் பெண் இரண்டு முறை அழைத்திருக்கிறார். மனம் கசந்துபோய் நம் வாசகி எடுக்கவில்லை.

"முறையாகப் படித்திருந்தால் அவளைத் திரும்பிப் போக விட்டிருக்க மாட்டேன். அதனால் சமூகப்பணியில் முதுகலை படிக்கலாம் என்றிருக்கிறேன்" என்கிறார். நடுவில் ஓர் இடத்தில், சின்ன வயதில் அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்ந்ததாக ஒரே வரி. உடனே வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறார். "இப்போதே சேவை செய்துகொண்டுதானே இருக்கிறாய், இதற்கு எதற்குப் பட்டம்?" என்பது கணவரின் கேள்வி. வணிகவியல் படித்தவருக்கு இடம் கிடைக்குமா, வேலையை விடாமல் இணையவழியில் முடிக்க முடியுமா, பட்டம் வாங்கியதும் சொந்தமாக ஒரு ஆலோசனை மையம் தொடங்கலாமா என்பவை அவருடைய கேள்விகள். விண்ணப்பிக்க இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறதாம்.

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். வெளியிடவில்லை. ஆனால் அதே கடிதத்தில் அந்தப் பெண்ணின் முழுப்பெயர், அவர் வேலை செய்யும் இடம், குழந்தை படிக்கும் வகுப்பு எல்லாம் இருந்தன. அவற்றையும் நானே எடுத்துவிட்டேன். உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. அக்கறை குறைவாக இருந்து நடந்த தவறு இல்லை இது. அவர் மேல் அவ்வளவு அக்கறை இருக்கும் உங்களுக்கே அது தோன்றவில்லை என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். உங்கள் கணவரின் கேள்விக்குப் பதில் கிட்டத்தட்ட இங்கேயே இருக்கிறது. நல்ல மனசு தானாகக் கற்றுக்கொள்ளாத சில பழக்கங்கள் உண்டு. அவற்றைப் பயிற்சிதான் தரும்.

முதலில் அந்த இரண்டு அழைப்புகள்

படிப்பு ஐந்து வாரம் காத்திருக்கும். இது காத்திருக்காது. இந்தப் பதிலைப் படித்ததும் நீங்கள் உடனே அந்தப் பெண்ணை அழைத்துப் பேச நினைக்கலாம், வேண்டாம். அந்தக் கைபேசி இப்போது யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. வன்முறை நடக்கும் வீட்டில், தெரியாத எண்ணிலிருந்து வரும் ஓர் அழைப்பே அடுத்த அடிக்குக் காரணமாகலாம். இல்லத்தின் பொறுப்பாளரிடம் நாளைக்கே போய், எண் கொடுத்தது, பணம் கட்டியது, அழைப்பு வந்தது எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். பாதுகாப்பாக எப்படித் தொடர்புகொள்வது என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.

அவரே மறுபடி அழைத்தால் எடுங்கள். முதல் கேள்வி, "இப்போது பேச முடியுமா?" என்பதாக இருக்கட்டும். ஏன் திரும்பிப் போனாய் என்று கேட்காதீர்கள். எப்போது வேண்டுமானாலும் இல்லத்துக்கு மறுபடி வரலாம், போனதற்காக யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்பது அவர் காதில் விழ வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று பட்டால் காவல்துறை அல்லது அவசர உதவி எண். அதில் தயக்கமே வேண்டாம்.

படித்திருந்தால் தடுத்திருக்க முடியுமா?

முடியாது. தடுக்கவும் கூடாது. கடிதத்தில் நான் திருத்த விரும்பும் முதல் எண்ணம் இதுதான்.

இத்தகைய உறவிலிருந்து ஒரே மூச்சில் வெளியேறுபவர்கள் குறைவு. போவதும் திரும்புவதும் மறுபடி போவதுமாகப் பல முறை நடக்கும். குழந்தை, பணம், பயம், பழைய அன்பு, "திருந்திவிட்டேன்" என்ற வாக்கு என்று காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அதோடு, பிரிந்து போகும் நேரமும் அதற்குச் சற்றுப் பிந்தைய காலமும்தான் ஆபத்து அதிகமான காலம் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அந்த அறையில் தனியாக இருந்தபோது அவருக்கு என்ன மிரட்டல் வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் திரும்பியது உங்கள் உதவியை அவமதித்தது ஆகாது. அன்றைக்கு அவருக்குத் தெரிந்த கணக்கில் உயிர் பிழைக்கும் வழி அதுவாக இருந்திருக்கலாம்.

சமூகப்பணியின் அடிப்படை நெறிகளில் ஒன்று, உதவி தேடி வருபவர் தன் வாழ்க்கையைப் பற்றிய முடிவைத் தானே எடுக்க உரிமை உள்ளவர் என்பது. இரண்டாம் வாரமே வகுப்பில் சொல்லிவிடுவார்கள். உண்மையில் புரிய இரண்டு ஆண்டு ஆகும். எனக்கு அதைவிடவும் கூடுதலாக ஆனது. பயிற்சி பெற்ற ஒருவர் அந்தப் பெண்ணுடன் உட்கார்ந்திருந்தால், "போகாதே" என்று சொல்வதற்குப் பதிலாக ஒரு பாதுகாப்புத் திட்டம் போட்டிருப்பார். ஆவணங்களின் நகல் யாரிடம் இருக்க வேண்டும், அவசரத்தில் எந்தக் கதவு வழியாக வெளியேறுவது, பக்கத்து வீட்டாருக்கு என்ன சைகை, குழந்தைக்கு என்ன சொல்லி வைப்பது. திரும்பிப் போனாலும் அந்தத் திட்டம் அவரோடு போயிருக்கும். அறை வாடகையைவிட அது நீண்ட நாள் உதவும்.

உங்கள் பணத்தைக் கொடுத்தது பற்றியும் சொல்லிவிடுகிறேன். பணம் கொடுத்தவருக்கு, கேட்காமலேயே ஓர் எதிர்பார்ப்பு வந்துவிடும். நீங்கள் அழைப்பை எடுக்காததன் காரணத்தில் ஒரு பங்கு அந்த முன்பணம்தான் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

இந்தப் படிப்பில் உண்மையில் என்ன இருக்கிறது?

உங்கள் கணவரின் கேள்வி புதிதில்லை. 120 ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்படும் கேள்விதான். மேரி ரிச்மண்ட் என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். படிக்கப் போனால் முதல் மாதத்திலேயே வருவார். அவரும் கணக்கெழுதும் வேலை பார்த்தவர்தான். கல்லூரிப் பட்டம் கிடையாது. 1889-இல் பால்டிமோர் நகரத்து அறக்கொடை அமைப்பு ஒன்றில் உதவிப் பொருளாளராகச் சேர்ந்து, ஏழைக் குடும்பங்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் தன்னார்வலருமானார். நல்லெண்ணம் மட்டும் வைத்துக்கொண்டு அடுத்தவர் குடும்பத்துக்குள் நுழைவது எத்தனை குழப்பத்தை உண்டாக்குகிறது என்று பார்த்த பிறகு, 1897-இல் இதற்கென ஒரு பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று மாநாட்டு மேடையில் கேட்டார். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் ஆறு வார கோடை வகுப்பு தொடங்கியது. இன்றைய கொலம்பியா பல்கலைக்கழகச் சமூகப்பணிப் பள்ளியின் வேர் அந்த ஆறு வாரம்தான். 1936-இல் பம்பாயில் தொடங்கிய பள்ளிதான் இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம்.

ஆகவே 'வணிகவியல் படித்த எனக்கு இடம் கிடைக்குமா' என்ற பயத்தை விட்டுவிடலாம். பெரும்பாலான இடங்களில் ஏதாவது ஒரு பாடத்தில் இளங்கலைப் பட்டம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். இளங்கலையிலேயே சமூகப்பணி படித்தவர்களுக்குச் சில நாடுகளில் படிப்புக் காலம் குறையும், அவ்வளவுதான். அமெரிக்காவில் அப்படி ஓர் ஆண்டு போல மிச்சமாகும். நான்கு ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உங்களுக்கு நல்ல பலம்.

பாடங்களைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. தனிநபர்ப் பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பு, சமூகக் கொள்கை, சட்டம், ஆய்வு முறை, நிர்வாகம் என்று எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான். நூலகத்தில் உட்கார்ந்து நீங்களே பாதியைப் படித்துவிடலாம். இந்தப் பட்டத்தின் உயிர் களப்பணியில் இருக்கிறது. அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற முதுகலைப் படிப்பில் குறைந்தது 900 மணி நேரக் களப்பயிற்சி கட்டாயம். இங்கிலாந்தில் 200 நாள். அதில் 30 நாள் வரை திறன் பயிற்சியாக இருக்கலாம். மற்ற பல இடங்களில் வாரத்தில் இரண்டு நாள் களம், மீதி நாள் வகுப்பு, கடைசியில் சில வாரம் முழுநேரமாக ஒரு நிறுவனத்தில் என்று போகும். மருத்துவமனை, சிறை, பள்ளி, முதியோர் இல்லம், தொழிற்சாலை என எங்கு வேண்டுமானாலும் அனுப்புவார்கள். நீங்கள் விரும்பும் பெண்கள் இல்லத்துக்கே அனுப்புவார்கள் என்று சொல்ல முடியாது.

களத்தில் நடப்பதில் ஒன்றை மட்டும் விவரிக்கிறேன். உரையாடல் பதிவு என்று ஒரு வேலை கொடுப்பார்கள். ஒருவரோடு பேசிவிட்டு வந்ததும், அவர் சொன்னது, நீங்கள் சொன்னது, அந்த நொடியில் உங்கள் மனதில் ஓடியது மூன்றையும் நினைவிலிருந்து எழுத வேண்டும். மேற்பார்வையாளர் சிவப்புப் பேனாவோடு உட்காருவார். "இந்த இடத்தில் அவர் அழுதார் என்கிறாய். உடனே நீ குழந்தையின் படிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அவர் அழுவதை யாரால் தாங்க முடியவில்லை, அவராலா உன்னாலா?" என்று கேட்பார். என் மாணவப் பருவத்தில் இப்படி ஒரு கேள்வி வந்து, பதில் சொல்லத் தெரியாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நான்கு ஆண்டு தன்னார்வப் பணியில் உங்களிடம் யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். நல்ல மேற்பார்வையாளர் உங்களைவிட பத்து வயது இளையவராகக்கூட இருக்கலாம். அதற்கும் மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

அப்பாவைப் பற்றிய அந்த ஒரு வரி

அந்த வரியை நீங்கள் கடந்து போன வேகத்தைப் பார்த்தேன். இந்தப் படிப்புக்கு வருகிறவர்களில் பலர் இப்படி ஏதாவது ஒரு காயத்தோடுதான் வருகிறார்கள். அது தகுதிக் குறைவு இல்லை. தானாகவே தகுதியாகிவிடுவதும் இல்லை. எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணில் அம்மா தெரிய ஆரம்பித்தால், அவரை எப்படியாவது காப்பாற்றியே ஆக வேண்டும் என்ற தவிப்பு வரும். அவர் காப்பாற்றப்பட மறுத்தால் கோபம் வரும். அந்தக் கோபம் அவர் மேல் வந்ததா, திரும்பத் திரும்ப அப்பாவிடமே இருந்துவிட்ட அம்மா மேல் வந்ததா என்று பிரித்துப் பார்க்க உங்களுக்குத் துணை வேண்டும். படிப்பில் சேர்வதற்கு முன்பே ஒரு நல்ல மனநல ஆலோசகரிடம் சில அமர்வுகள் போய் வாருங்கள். வகுப்பறை அதற்கான இடம் இல்லை. முதலாண்டுக் களப்பணியில் அடிபட்ட பெண்ணின் மருத்துவ அறிக்கையை நீங்கள் படிக்க வேண்டி வரும் நாளில் அந்த அமர்வுகள் கைகொடுக்கும்.

விண்ணப்பக் கட்டுரையில் இதைச் சொல்லலாமா என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இரண்டு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். நடந்ததை விவரிப்பதைவிட, அதை இப்போது எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதே தேர்வு செய்கிறவர்களுக்கு முக்கியம்.

எந்த வழியில் படிப்பது?

முழுநேரம் என்றால் பொதுவாக இரண்டு ஆண்டு. வேலையை விட வேண்டியிருக்கும். பகுதிநேரமாகப் படிக்க வாய்ப்புள்ள இடங்களில் மூன்று அல்லது நான்கு ஆண்டு இழுக்கும். வருமானம் நிற்காது, ஆனால் தூக்கமும் ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும். இணையவழியில் பாடங்களை நன்றாகவே படிக்கலாம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. களப்பணியை இணையத்தில் செய்ய முடியாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். 'வீட்டிலிருந்தபடியே முழுப் பட்டமும்' என்று யாராவது விளம்பரம் செய்தால், களப்பணி எங்கே, யார் மேற்பார்வை என்று கேளுங்கள். மழுப்பினால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். பல இடங்களில் களப்பணி அலுவலக நேரத்தில்தான் நடக்கும். மாலையிலும் வார இறுதியிலும் மட்டும் வைத்து முடித்துவிடலாம் என்று திட்டம் போட்டால் நடுவில் சிக்கிக்கொள்வீர்கள். உங்கள் நிறுவனத்தில் சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

பட்டமே எடுக்காத வழியும் ஒன்று உண்டு. சேவை நிறுவனங்களில் பல, நல்ல கணக்காளர் இல்லாமல் திணறுகின்றன. நிதி கொடுத்தவருக்கு அறிக்கை அனுப்பத் தெரியாமல் நல்ல திட்டங்கள் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் 12 ஆண்டு அனுபவத்தோடு அங்கே நிர்வாகத்துக்குப் போகலாம். அதுவும் இந்தத் துறைதான். ஆனால் மனிதர்களோடு நேரடியாக உட்கார்ந்து பேசும் வேலைதான் வேண்டும் என்றால் அது உங்களுக்கு நிறைவு தராது. எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கடிதத்தை வைத்துப் பார்த்தால் இரண்டாவது என்று தோன்றுகிறது.

சம்பளம் பற்றிக் கணவரிடம் ஒளிக்காமல் பேசுங்கள். படிப்பு முடிந்ததும் 23 வயதுக்காரர்களோடு சேர்ந்து அதே கீழ்ப்படியில்தான் தொடங்குவீர்கள். இப்போதைய சம்பளத்தை எட்டப் பல ஆண்டு ஆகலாம், எட்டாமலே போகவும் செய்யலாம். அவர் 'எதற்கு' என்று கேட்பதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கக்கூடும். சின்னவனைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது யார் என்ற கேள்வியும் இருக்கலாம். அவர் தடுக்கிறார் என்று முடிவு கட்டுவதற்கு முன் அவரையே கேட்டுப் பாருங்கள்.

சொந்த ஆலோசனை மையம்

பட்டம் வாங்கிய மறுநாளே பலகை மாட்டிவிடலாம் என்ற எண்ணத்தையும் தள்ளி வையுங்கள். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. இங்கிலாந்தில் பதிவு செய்யாமல் 'சமூகப்பணியாளர்' என்று தன்னைச் சொல்லிக்கொள்வதே குற்றம். அமெரிக்காவில் மாநிலம்தோறும் உரிமம் தனி. தனியாக மனநல சிகிச்சை தர வேண்டுமென்றால் முதுகலைக்குப் பிறகும் பல மாநிலங்களில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு, 3,000 மணி நேரம் மேற்பார்வையில் வேலை செய்து தேர்வும் எழுத வேண்டும். இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல சமூகப்பணியாளர் என்றால் சமூகப்பணி முதுகலைக்கு மேல் அதே பிரிவில் இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில் படித்தவர் என்று வரையறுக்கிறது. எனவே எங்கே படிப்பது என்று பார்ப்பதற்கு முன், எங்கே வேலை செய்யப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். அந்த இடத்துப் பதிவு அமைப்பு அல்லது பல்கலைக்கழக அங்கீகார அமைப்பின் பட்டியலில் நீங்கள் சேரப்போகும் படிப்பு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கல்லூரிக்காரர்கள் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால், களப்பணி மணி நேரக் கணக்கு, மேற்பார்வையாளரின் தகுதி இரண்டையும் கையெழுத்தோடு வாங்கி வையுங்கள். பத்து ஆண்டு கழித்துத் தேடினால் அந்த நிறுவனமே இருக்காது.

தனிப்பட்ட இரகசியம் காப்பது பற்றியும் சட்டம் பேசும். தன்னார்வலராக இருக்கும் வரை நீங்கள் செய்யும் பிழை பெரும்பாலும் உங்கள் மனசாட்சியோடு போகும். பதிவு பெற்ற பணியாளர் என்றால் விசாரணை வரும், பதிவு போகலாம். அதே சமயம், குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது, ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளப் போகிறார் என்று தெரியும்போது இரகசியத்தைக் காப்பதே தவறாகிவிடும். இந்த எல்லை எங்கே என்பதை முதல் சந்திப்பிலேயே எதிரில் இருப்பவரிடம் சொல்லிவிட வேண்டும். பலர் இதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள்.

இந்த ஐந்து வாரத்தில்

இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு நேரில் போங்கள். கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். களப்பணி ஒருங்கிணைப்பாளரைச் சந்தித்து இவற்றைக் கேளுங்கள்:

மேற்பார்வையாளர் சமூகப்பணி படித்தவரா, வாரத்தில் எத்தனை மணி நேரம் மாணவரோடு தனியாக உட்காருவார்?

களத்தை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஒத்துவராவிட்டால் மாற்ற முடியுமா? அங்கே மாணவருக்கு ஆபத்து வந்தால் யார் பொறுப்பு?

இப்போது இரண்டாமாண்டு படிப்பவர்களில், குழந்தைகளோ வேலையோ உள்ளவர் யாராவது இருக்கிறார்களா? அவரோடு தனியாகப் பேசலாமா?

மூன்றாவது கேள்விக்கு முகம் சுளித்தால் அந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வரும்.

என் கருத்தைக் கேட்டால், விண்ணப்பியுங்கள். இடம் கிடைத்த பின் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணைக் காப்பாற்ற முடியாமல் போனதற்குப் பரிகாரமாக விண்ணப்பிக்காதீர்கள். அப்படிச் சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். முதல் பருவத்திலேயே உடைந்துபோவார்கள்.

விண்ணப்பக் கட்டுரையை எழுத உட்காரும் முன் ஒரு வேலை. வருகிற ஞாயிறு இல்லத்தில் யாரோடாவது பேசிவிட்டு வந்ததும், நான் சொன்ன அந்த மூன்றையும் எழுதிப் பாருங்கள். அவர் சொன்னது, நீங்கள் சொன்னது, உங்கள் மனதில் ஓடியது. பொறுப்பாளரிடம் அரைமணி நேரம் கேட்டு, அதை அவரோடு உட்கார்ந்து படியுங்கள். அவர் சொல்லும் குறைகளைக் கேட்ட பிறகும் அடுத்த ஞாயிறு இன்னொன்று எழுத வேண்டும் என்று தோன்றுகிறதா என்று பாருங்கள். எழுதும்போது நீங்கள் பேசியவரின் பெயர் வேண்டாம், ஓர் எழுத்து போதும். அதுவும் அவர் பெயரின் முதல் எழுத்தாக இருக்க வேண்டாம்.